கடைமடைப் பண்ணை வீடு: தங்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிப் படுகையின் கடைமடையில், அதாவது ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், தரங்கம்பாடிக்கு அருகே உள்ள எங்கள் குடும்பத்தின் பழைய பண்ணை வீட்டைப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வருபவர்கள் தங்குவதற்காகத் திறந்திருக்கிறோம். முன்பதிவுக்கு முன்னால் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறோம். சில விடைகள் நீண்டவை. இந்த வீடு எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதால், வந்த பிறகு வருந்துவதைவிட வருவதற்கு முன் பொறுமையாகப் படித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

வீடு எங்கே இருக்கிறது? கடல் கண்ணுக்குத் தெரியுமா?

மயிலாடுதுறை மாவட்டத்தில், திருக்கடையூருக்கும் பொறையாருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே வீடு இருக்கிறது. கடற்கரைக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். வீட்டிலிருந்து கடல் தெரியாது. தெரிவதெல்லாம் வயலும் வாய்க்காலும் பனை வரிசையும்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் கொந்தளிக்கும் இரவுகளில், ஊர் அடங்கிய பிறகு, அலையோசை திண்ணை வரை கேட்கும். சன்னலைத் திறந்தால் கடல் வேண்டும் என்பவர்களுக்குத் தரங்கம்பாடியின் கரையிலேயே விடுதிகள் உண்டு, அவற்றையே பரிந்துரைக்கிறோம்.

சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி, பொறையார் செல்லும் பேருந்தில் ஏறலாம். முன்கூட்டியே சொன்னால் ஊரிலிருந்து கார் அனுப்புகிறோம்.

இதைப் பண்ணை வீடு என்று ஏன் சொல்கிறீர்கள்?

நகரத்துக்கு வெளியே நீச்சல் குளத்தோடு கட்டப்படும் ஓய்வு இல்லத்தையும் இப்போது பண்ணை வீடு என்றுதான் சொல்கிறார்கள். இது அப்படிப்பட்டதன்று. நெல் வந்து சேர்ந்த வீடு, அளந்து கொடுத்த வீடு, விதையைக் காத்து வைத்த வீடு. வாசலில் திண்ணை, அதைக் கடந்தால் ரேழி என்னும் நடை, பிறகு நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், அதையொட்டிக் கூடம், பின்னால் சமையற்கட்டு, கொல்லை, களம், மாட்டுக்கொட்டகை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அமைப்பு. வாசற்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்வை தடையின்றிச் செல்லும்; கடற்காற்றும் அதே வழியில்தான் வந்து போகும்.

கூடத்தில் நிற்கும் மரப் பத்தாயத்தை அப்படியே வைத்திருக்கிறோம். மேலே மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் உள்ள சிறு வாயின் பலகையை இழுத்தால் வேண்டிய அளவு நெல் சரிந்து வரும். குழந்தைகள் இதைத் திறந்து மூடிப் பார்க்கலாம். விரலை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கொல்லைத் தாழ்வாரத்தின் இரண்டாவது தூணில், இடுப்பு உயரத்தில், ஐந்தைந்தாகக் கீறிய கோடுகளைக் காணலாம். அறுவடை நாட்களில் களத்தில் அளந்த நெல்லுக்கும் கூலியாக மரக்கால் என்னும் அளவையால் அளந்து கொடுத்த நெல்லுக்கும் வைத்த கணக்கு அது. வேலைக்கு வந்த தச்சர் தூணை இழைத்துப் பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு தூணைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இந்த வீட்டின் செழிப்பு பண்ணையாட்களின் உழைப்பால் வந்தது. தஞ்சைப் பகுதியில் அவர்களுக்கும் சாகுபடியாளர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு 1952ஆம் ஆண்டில்தான் வந்தது. பழைய வீட்டின் அழகைக் காட்டுகிற நாங்கள் அந்தக் கணக்கை மட்டும் இழைத்து அழிப்பது முறையாக இருக்காது.

பழுதுபார்த்தோம் என்கிறீர்கள். என்னென்ன செய்தீர்கள்?

நாங்கள் செய்ததில் பெரும்பகுதி, முன்பு தவறாகச் செய்ததை அகற்றியதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன், சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்கிறது என்பதற்காக, ஓர் ஒப்பந்ததாரரின் பேச்சைக் கேட்டு இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினோம். பார்க்கத் துப்புரவாக இருந்தது. மூன்றே மழைக்காலத்தில் ஈரம் சிமெண்டுக்கு மேலே, தோள் உயரத்தில் தலைகாட்டியது. இந்தப் பகுதியின் நிலத்தடி ஈரத்தில் உப்பு கலந்திருக்கிறது. அடித்தளத்தின் வழியாகச் செங்கல்லில் ஏறும் அந்த ஈரம், சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் மேலும் மேலும் ஏறி, உள்ளேயே உப்பாக உறைந்து கல்லை உடைக்கும். சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது அதன் பின்னிருந்த செங்கல், நகத்தால் சுரண்டினாலே மாவாகக் கொட்டியது. உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்த கொத்தனார், ‘கடல் உள்ளே வந்துவிட்டது’ என்றார்.

அந்தக் கற்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து பூசினோம். அந்த நீர் புளித்த நாட்களில் தெரு முழுவதும் கள்ளுக்கடை வாடை அடித்தது. சுண்ணாம்புப் பூச்சு ஒரே நாளில் இறுகுவதில்லை; காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. இடையில் அவசரப்பட்டு வண்ணம் அடித்தால் எல்லாம் வீண். முட்டை வெண்கரு சேர்த்துக் கண்ணாடிபோல மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சு வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். அது அந்த ஊர் மாளிகைகளுக்குப் பொருந்தும் அழகு. நெல் மூட்டை உரசிய சுவருக்கு அது வேண்டியதில்லை.

கூரையில் நாட்டு ஓடு. புதிய ஓடு சுட்டுத் தரும் குயவர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்காததால், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்தோம். ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகளில் உளுத்துப்போனவற்றை மாற்றி, எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் பூசியிருக்கிறோம். கரையானுக்கு அதைவிட நல்ல காவலை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

சுவர் சில இடங்களில் திட்டுத்திட்டாக இருக்கிறதே, ஏன்?

அது அழுக்கன்று, சுவர் ஈரத்தை வெளியே விடுகிறது என்பதன் அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன், வெள்ளையடிக்கிறோம். சாய்ந்தால் துணியில் சிறிது வெள்ளை ஒட்டும்; தட்டினால் போய்விடும். சுவரில் ஆணி அடிக்கவோ ஒட்டு நாடா ஒட்டவோ வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். விழாவுக்குத் தோரணம் கட்ட வேண்டுமானால் தாழ்வாரத்துத் தூண்களில் கட்டலாம்.

எத்தனை அறைகள்? குளியலறையும் ஏசியும் உண்டா?

நான்கு படுக்கையறைகள், பத்துப் பேர் வசதியாகத் தங்கலாம். பழைய வீட்டுக்குள் கழிவறை கிடையாது என்பதால், மாட்டுக்கொட்டகையாக இருந்த பகுதியில் மூன்று குளியலறைகளைக் கட்டி, மேற்கூரையிட்ட நடைபாதையால் வீட்டோடு இணைத்திருக்கிறோம். இரவில் எழுந்தால் இருபது அடி நடக்க வேண்டும். வழியில் விளக்கு எரியும். அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும் என்பவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். அறைக்குள் குழாய்களைக் கொண்டுவந்தால் சுண்ணாம்புச் சுவர் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

ஏசி இரண்டு அறைகளில் மட்டும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில்கூட மாலை நான்கு மணிக்குமேல் கடற்காற்று வீசத் தொடங்கினால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களே அதிகம். மின்தடைக்கு இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அதில் ஏசி ஓடாது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

நீங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அங்கே திறந்த நீர் கல்லணையைக் கடந்து, ஆறும் வாய்க்காலுமாகப் பிரிந்து, கடைமடையான எங்களிடம் வந்து சேர்வதற்கு மேலும் பல நாட்கள் ஆகும். சில ஆண்டுகளில் வராமலே போவதும் உண்டு. காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் நீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நடந்து போகிறவரின் வேகத்தில் வருவதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கும். அந்த நாளை முன்கூட்டிச் சொல்ல எங்களால் இயலாது. நேரில் காண நேர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆவணியில் தொடங்கும் சம்பாப் பட்டத்தில் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் நடவுக் காலம். மார்கழியில் கதிர் முற்றும். தை, மாசியில் அறுவடை. அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, நிற்கும் பயிரின் ஊடே ஈர மண்ணில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு அதே வயல் பனி ஈரத்திலேயே மறுபடி பசுமையாகும். வெயிலும் மழையும் மிதமாக இருக்கும் தை, மாசி மாதங்களையே முதன்முறை வருபவர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். ஆனால் அறுவடை இயந்திரம் இரவிலும் ஓடும், வைக்கோல் தூசி பறக்கும் என்பதை மூச்சிரைப்பு உள்ளவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் வரலாமா? புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். எங்களைக் கேட்டால், இந்த வீட்டை அதன் முழு இயல்பில் காண்பதற்கு அதுவே நேரம். நான்கு பக்கத்துக் கூரையின் நீரும் முற்றத்தில் இறங்கும். முதலில் ஓட்டு விளிம்பில் தனித்தனித் துளியாக, பிறகு நூல் நூலாக, அடைமழையில் நான்கு பக்கமும் தொங்கும் திரையாக. நீர் சலதாரை என்னும் வடிகால் வழியே கொல்லைக் குளத்துக்குப் போய்விடும். கூரை ஒழுகாது என்று உறுதி சொல்லமாட்டோம். ஆவணியிலேயே ஓடுகளைப் பிரித்து மாற்றி அடுக்கினாலும், பூனையோ அணிலோ ஓடுகளில் ஒன்றை நகர்த்திவிடும். ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, மழை விட்டதும் ஆள் ஏறிச் சரிசெய்வார்.

புயல் என்பது வேறு. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தக் கடற்கரை மாவட்டங்களில் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் நாங்கள். எங்கள் மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கை வந்தால், முன்பதிவை நாங்களே ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம். ஏற்கெனவே தங்கியிருப்பவர்களைப் புயலுக்கு முந்தைய நாளே மயிலாடுதுறைக்கு அனுப்பிவைப்போம். ‘இருந்து பார்க்கிறோமே’ என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.

சுனாமியின்போது இந்த வீடு பாதிக்கப்பட்டதா?

2004 டிசம்பர் 26 அன்று கடல் தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்புகளில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. வீடு வரை தண்ணீர் வரவில்லை. ஆனால் ஆற்று முகத்துவாரங்களிலும் வடிகால்களிலும் ஏறிய கடல்நீர் எங்கள் கிழக்கு வயலில் நின்றுவிட்டது. நல்ல நீரைக் கட்டி வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும்தான் அந்த மண் மீண்டது. இதை ஒரு சுற்றுலாக் கதையாக நாங்கள் சொல்வதில்லை. கடற்கரைக் கிராமங்களுக்குச் செல்லும்போது, மக்கள் தாமாகப் பேசினாலன்றி அந்த நாளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம், நீந்தப் போக வேண்டாம். இந்தக் கரையில் அடியிழுப்பு மிகுதி, பல இடங்களில் அலைத்தடுப்புக் கற்கள் கொட்டப்பட்டிருக்கின்றன, காப்பாற்ற ஆள் இல்லை. குழந்தைகளின் கையை விடவே கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இரவில் கடற்கரைக்குச் செல்பவர்கள் கைபேசி வெளிச்சத்தையோ டார்ச்சையோ அடிக்க வேண்டாம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நடந்துவிடும்.

சாப்பாடு கிடைக்குமா? தினமும் மீன் உண்டா?

ஊரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சமைக்கிறார்கள். காலையில் இட்லி, தோசை அல்லது பழைய சோறும் சின்ன வெங்காயமும். மதியம் எங்கள் வயல் அரிசியில் முழுச் சாப்பாடு. மீன் அன்றன்றைக்குக் கரையில் கிடைப்பதுதான். இன்ன மீன்தான் வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது சிறு படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். சைவ உணவு வேண்டுபவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைக்கிறோம். திருக்கடையூரில் அறுபதாம், எண்பதாம் திருமணம் நடத்த வருபவர்கள் அதிகாலையிலேயே கோயிலில் இருக்க வேண்டியிருப்பதால், முந்தைய இரவே சொன்னால் நான்கு மணிக்குக் காப்பியும் வெந்நீரும் ஆயத்தமாக இருக்கும்.

குடிநீர் எப்படி?

கிணற்று நீர் சற்று உவர்ப்பு. குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த நீர் வைத்திருக்கிறோம். கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. அதற்காக அதிகம் தேய்க்க வேண்டாம்.

பாம்பு, கொசு இருக்குமா?

இருக்கும். நெல் இருக்கும் இடத்தில் எலியும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருப்பது இயல்பு. வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரின்றி வைத்திருக்கிறோம், எல்லாக் கட்டிலிலும் கொசுவலை உண்டு. இரவில் வெளியே போகும்போது செருப்பும் டார்ச்சும் கட்டாயம். வரப்பில் இரவு நடை கூடாது. யாரையேனும் கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்டவரை அசையவிடாமல் 108ஐ அழைத்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோம்.

முதியவர்களும் சிறு குழந்தைகளும் தங்க முடியுமா?

முடியும், சில எச்சரிக்கைகளோடு. நிலைவாசல்கள் தாழ்வானவை, உயரமானவர்கள் முதல் நாள் ஒருமுறையேனும் தலையில் இடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் வாசற்படி உயர்ந்திருக்கும். முற்றம் தாழ்வாரத்தைவிட ஒன்றரை அடி பள்ளம், மழையில் வழுக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகக் கொல்லை வழியில் சாய்தளம் அமைத்து, அதையொட்டிய ஓர் அறையின் படியை மட்டும் எடுத்துவிட்டோம். மரபைக் காப்பதற்காக ஒரு பாட்டியைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட முடியாது.

அருகில் எதைப் பார்க்கலாம்?

ஒரு முழு நாளைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது; 1845இல்தான் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இவ்வூரிலேயே தமிழில் அச்சேறி முடிந்தது. 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அச்சுக்கு வேண்டிய தாளை இங்கேயே செய்ய முயன்றதன் நினைவாகப் பொறையாருக்கு அருகே ஓர் இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். கோட்டைக்கு வடக்கே கரையோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

பூம்புகார், காரைக்கால், நாகூர் ஆகியவற்றுக்கும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம்.

வயலில் இறங்கலாமா?

கேட்டுவிட்டு இறங்கலாம். நடவு நாட்களில் பெண்களோடு சேர்ந்து நட விரும்புபவர்களை அவர்களே ஒரு மூலையில் நிறுத்திச் சொல்லித் தருவார்கள். வேலை செய்பவர்களை அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். அது அவர்களுடைய வேலை நேரம்.

வைஃபை உண்டா?

உண்டு. திண்ணையில் நன்றாகக் கிடைக்கும், அறைகளில் சுமார்தான்.

முன்பதிவுக்கு என்னென்ன தேவை?

குறைந்தது இரண்டு இரவுகள். வயது வந்த ஒவ்வொருவரும் அரசு அடையாள அட்டை ஒன்றைக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விவரங்களை, வந்த 24 மணி நேரத்துக்குள் அரசிடம் நாங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆகவே கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களை வந்தவுடனே கேட்போம். ஏழு நாட்களுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணம், அதற்குப் பின் பாதி.

ஒலிபெருக்கி வைத்த கொண்டாட்டங்களுக்கு இடமில்லை. சுற்றியிருப்பவர்கள் விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர்கள்.

கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பாத்திரம் கழுவவோ படுக்கையை மடிக்கவோ வேண்டாம். கூடத்துச் சன்னல்களின் கீழ்க்கதவுகளை மட்டும் சாத்தி, கொக்கியை மாட்டிவிடுங்கள். திறந்து கிடந்தால் கொல்லை ஆடு உள்ளே வந்து பத்தாயத்தின் வாயை முட்டித் திறந்துவிடும். வாசற்கதவைப் பூட்டிய பிறகு சாவியைத் திண்ணை மாடத்தில் வைத்துவிட்டு, எதிர்வீட்டில் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.